சுளுக்கு என்று சொன்ன கால்

என் இடது கால் வலது காலைவிடக் குட்டை. எவ்வளவு குட்டை என்று சொல்ல மாட்டேன்; அளந்தவர்களுக்குத் தெரிந்தால் போதும். கல்யாண வீட்டில் பந்திக்கு எழுந்து நடந்தால் யாராவது ஒருத்தி பக்கத்தில் வந்து, "பிறவியிலேயே இப்படியா?" என்று கேட்டுவிடுவாள். இல்லை, கார் மோதியது என்பேன். "கேஸ் போடலையா?" என்பாள். போட்டோம், தோற்றுப்போனோம் என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். எப்படித் தோற்றோம் என்று ஒருத்தரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல வெட்கம், வேறென்ன.

ஐம்பதுகளின் கடைசி அது. எனக்குப் பதினேழு வயது. தென்காசியில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. நான் ஒரே பிள்ளை. அந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று காதில் பட்டுவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு வீடு தங்காது. நானும் அம்மாவும் காலையிலேயே எண்ணெய்க் கிண்ணத்தோடு பஸ் ஏறிவிட்டோம்.

குளித்துவிட்டு வரும்போது ஒரே கூட்டம். துணி மாற்ற மறைவு கிடைக்கவில்லை. ஈரப் பாவாடை தாவணியோடு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தேன். அம்மா இரண்டு எட்டு பின்னால் மங்குஸ்தான் விற்கிறவனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். வளைவில் ஒரு பிளஷர் கார் வந்தது. ஹாரன் கேட்டது நினைவிருக்கிறது. மோதியது நினைவில்லை. ரோட்டில் கிடந்தேன், கணுக்காலுக்கு மேலே கால் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அது என் கால்தானா என்றுகூட ஒரு கணம் சந்தேகமாக இருந்தது.

ஓடிவந்த அம்மா முதலில் என் காலைப் பார்க்கவில்லை. தன் துண்டை உருவி என் மார்பின்மேல் போட்டாள். பிறகுதான் "ஐயோ என் பிள்ளே" என்று அலறினாள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. சுற்றி அத்தனை ஆம்பிளைகள் நின்றார்கள். எனக்கும் அந்த நேரத்தில் வலியைவிடத் துணியைப் பற்றிய நினைப்புதான் பெரிதாக இருந்தது.

காரை ஓட்டிவந்தவரே இறங்கிவந்தார். வெளியூரில் அரிசி மில் வைத்திருப்பவர் என்று பிற்பாடு தெரிந்தது. நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். முகம் வெளுத்துப்போயிருந்தது. "தள்ளுங்க, தள்ளுங்க" என்று கூட்டத்தை விலக்கி, குனிந்து, என்னை இரண்டு கையிலும் தூக்கிக் காரில் கிடத்தினார். அம்மா "வேண்டாம், வேண்டாம், நான் தூக்குதேன்" என்று கத்தியது கேட்டது. அவளால் எப்படித் தூக்க முடியும்? ஈரத்துணியோடு ஒரு வேற்று ஆண் என்னைத் தூக்கினதை அத்தனை கண்களும் பார்த்தன. எனக்கு அப்போதே செத்துவிடலாம் போலிருந்தது.

அவர் நேராகத் தென்காசி ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து சேர்த்தார். டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எலும்பு முறிஞ்ச மாதிரி இருக்கு. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்கணும். கார் மோதினதுன்னா போலீசுக்குச் சொல்லணும்" என்றார். அப்பா கடையை அப்படியே போட்டுவிட்டு வந்துசேர்ந்தார். மில்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, என்ன செலவானாலும் நான் பாத்துக்கிடுதேன். எங்கன வேணும்னாலும் கொண்டுபோவோம். என் வண்டியிலேயே போவோம்" என்றார். அந்த மனுஷன் அன்று நல்லவராகத்தான் இருந்தார்.

அம்மாதான் குறுக்கே வந்தாள். "ஒண்ணும் வேண்டாம். நீங்க போங்க. இனிமே இந்தப் பக்கமே வராதிய. பொம்பளைப் பிள்ளை சமாச்சாரம்" என்றாள். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். அவர் போய்விட்டார். நிம்மதியாகத்தான் போயிருப்பார். நம்மை இடித்தவரை நாமே வழியனுப்பி வைத்தோம்.

அம்மாவின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கடையத்திலிருந்து ஒரு வரன் பேச்சில் இருந்தது. நல்ல இடம், நிலபுலம், பையன் தாலுகா ஆபீசில் வேலை. பெண் பார்க்க நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. கார் மோதியது, போலீஸ் எழுதியது, யாரோ ஒருவன் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான் என்று கடையம் வரைக்கும் போனால் அந்த வரன் மட்டும் இல்லை, எந்த வரனும் வராது என்று அவள் கணக்குப் போட்டாள். மறுநாள் காலையில் டாக்டர் வருமுன்னே ஒரு ஜட்காவைப் பிடித்து என்னை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அப்பா "எதுக்கும் எக்ஸ்ரே எடுத்துருவோமே" என்று ஒருதரம் சொன்னார். "ஊரைக் கூட்டி எடுக்கணுமோ?" என்றாள் அம்மா. அதோடு அவர் வாய் மூடிப்போயிற்று.

ஜட்கா வாசலில் நின்றதுமே பக்கத்து வீட்டு ஆச்சி ஓடிவந்தாள். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர். என் மேல் உயிரை வைத்திருப்பவள்.

"என்னட்டி ஆச்சு பிள்ளைக்கு?"

"அருவிக்கரையில வழுக்கி விழுந்துட்டா ஆச்சி. பாசி. சுளுக்குதான்" என்றாள் அம்மா.

ஆச்சி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

"பாத்து நடக்கப்படாதாட்டி? குமரு ஆட்டம் ஆடுனியாக்கும்" என்று என்னைச் செல்லமாக வைதுவிட்டு ஆச்சி தன் வீட்டுக்குப் போனாள். போனவள் சும்மா இருந்தாளா? புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி எடுத்துவந்தாள். சுளுக்குக்கு அதுதானே எங்கள் பக்கத்து வைத்தியம்! முறிந்த எலும்பின்மேல் அந்தச் சூட்டுப் பற்றை வழித்து அப்பினாள், நன்றாக அழுத்தி, நீவி. சுளுக்கு வந்தவள் எவ்வளவு கத்தலாமோ அவ்வளவுக்கு மேலே கத்தக் கூடாது என்று அம்மா என்னைக் கண்ணாலேயே மிரட்டினாள். தலையணையைக் கடித்துக்கொண்டேன். ஆச்சி என் நெற்றியைத் துடைத்துவிட்டு, "ரெண்டு நாள்ல ஓடுவே பாரு" என்றாள். இந்த ஆச்சி தெருத்தெருவாகப் போய், எங்கள் பொய்யை நிஜம் என்று நம்பி, அக்கறையோடு எல்லாருக்கும் சொன்னாள். கொஞ்ச நாளில் தென்காசியில் தெரிந்தவர், அறிந்தவர் எல்லாருக்கும் நான் வழுக்கி விழுந்தவள்.

வெளியூரிலிருந்து ஒரு கட்டு வைத்தியரை அம்மா வரவழைத்தாள். தெருவில் கேட்டவர்களிடம் தூரத்து மாமா என்று சொல்லிவைத்தோம். மூங்கில் பத்தை வைத்து, உளுந்தமாவும் முட்டையும் குழைத்துப் பூசிக் கட்டினார். "நான் வந்து அவுக்கிற மட்டும் கட்டைத் தொடப்படாது. காலை ஊனவே கூடாது" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார். அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். கடையத்துக்காரர்கள், "சுளுக்கு சரியாயிருக்குமே, வரலாமா?" என்று ஆள் அனுப்பினார்கள். சுளுக்கு எத்தனை நாள்தான் இருக்கும்? அம்மா கட்டை அவிழ்த்துவிட்டாள். கால் ஊன்றினேன். இடுப்பு ஒரு பக்கமாக இறங்கியது.

அம்மா சுவரோரம் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆச்சி இருக்கிறாளே, சத்தம் போட்டு அழவும் வழியில்லை. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "எந்திட்டி. நடந்து பழகணும்" என்றாள்.

எங்கள் வீட்டு உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு அம்மா எனக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தாள். குட்டைக் காலில் குதிகாலைத் தரையில் வைக்கக் கூடாது. விரல்களையும் முன்பாதத்தையும் மட்டும் ஊன்ற வேண்டும். அப்போது இரண்டு இடுப்பும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். குதிகால் அந்தரத்தில் நிற்பது தெரியாதபடி புடவையைத் தரை தொட இறக்கிக் கட்ட வேண்டும். அதற்காகவே தாவணியை விட்டுவிட்டுப் புடவைக்கு மாறினேன். "குதியை ஊனாத. தோளைத் தொங்கவிடாத. மூஞ்சியில காட்டாத, மூஞ்சியில காட்டாதட்டி" என்று அம்மா பின்னாலேயே வருவாள். கெண்டைக்காலில் கத்தியால் கீறுகிற வலி. பத்து எட்டு அப்படி நடந்தால் வேர்த்துக் கொட்டிவிடும். ஆனால் வந்துவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது வந்துவிட்டதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

பெண் பார்க்க வந்தார்கள். காப்பித் தட்டோடு அடுக்களையிலிருந்து கூடம் வரைக்கும் நடந்தேன், நமஸ்காரம் பண்ணினேன், திரும்பி நடந்தேன். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எல்லாருக்கும் சம்மதம். கிளம்பிப் போய்விட்டார்கள். "அப்பாடா" என்று நான் பின்கட்டுக்குப் போனேன், என் காலுக்கு எது சுகமோ அந்த நடையில், ஆடி ஆடி. பையனின் அத்தை குடையை மறந்துவிட்டாள் போலிருக்கிறது. எடுத்துப்போகத் திரும்பி வந்தவள் வாசல்படியில் நின்றபடியே என்னைப் பார்த்துவிட்டாள். "சுளுக்கு இன்னுமா விடல?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. ஜாதகம் பொருந்தவில்லை என்று நாலு நாள் கழித்துச் சொல்லியனுப்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் அப்பா பேச ஆரம்பித்தார். அம்மாவைக் கேட்காமலே என்னைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு கோணலாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சேர்ந்திருந்தது. மெட்ராசில் ஆபரேஷன் பண்ணலாம், மறுபடி பிரித்து நேராக வைக்கலாம், முக்கால்வாசி சரியாகிவிடும், ஆனால் தள்ளிப்போடாதீர்கள் என்றார். மெட்ராசில் மாசக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்க்கப் பாத்திரக்கடை தாங்காது. கேஸில் ஜெயித்தால் கால் நேராகும், இல்லாவிட்டால் இப்படியேதான். எனக்கு அந்த வயதிலேயே அது தெளிவாகப் புரிந்துவிட்டது. இரண்டு காலும் சமமாகத் தரையில் பதிய நடப்பதை நினைத்து நினைத்துப் பார்ப்பேன். எனக்குக் கல்யாணம்கூடப் பெரிதாகப் படவில்லை, அந்த நடைதான் வேண்டியிருந்தது.

தென்காசியில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உங்களை என்ன சொல்ல அண்ணாச்சி? அன்னைக்கே போலீஸ்ல எழுதி வச்சிருக்கணும். ஆஸ்பத்திரியை விட்டு வந்திருக்கப்படாது. எக்ஸ்ரே அப்பவே எடுத்திருந்தா அதுவே பேசும். பாத்தவன் ஒருத்தனையாவது பேரு கேட்டு வச்சிருக்கணும். பழம் விக்கிறவன் பாத்தானா? அவன் சீசன் கடைக்காரன், சீசனோட போயிட்டான். இனி அவனை எங்கன போய்த் தேட?"

அப்பா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து நின்றுவிட்டார். வக்கீலுக்கே சங்கடமாகிவிட்டது. "உக்காருங்க, உக்காருங்க. வருஷம் இன்னும் முடியலை. முடிஞ்சிருந்தா கேஸே போட முடியாது. போடுவோம்" என்றார். வாசல் வரைக்கும் வந்தவர் திரும்பவும், "ஊருல என்னன்னு சொல்லி வச்சிருக்கிய?" என்று கேட்டார். சுளுக்கு என்று அப்பா சொன்னார். வக்கீல் உள்ளே போய்விட்டார்.

கேஸ் நடக்கிற சேதி தெரிந்ததும் எங்கள் மானம் கப்பலேறியது. வழுக்கி விழுந்த பெண்ணுக்குக் கார்க்காரரிடம் நஷ்ட ஈடு கேட்கிறார்கள் என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். அப்பாவின் கடைக்குக் குடம் வாங்க வந்த ஒருவன், "அண்ணாச்சி, நானும் போன வாரம் அருவியில வழுக்கிட்டேன். யாரு மேல கேஸ் போடலாம்?" என்று கேட்டானாம். அப்பா குடத்தைத் தட்டிக் காட்டி விற்றுவிட்டு வந்தார். பொய் சொன்னது நாங்கள். அப்புறம் நிஜத்தைச் சொன்னால் ஊர் எப்படி நம்பும்? யார் மேல் கோபப்படுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

விசாரணை வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் அறுபது பிறந்துவிட்டது. கோர்ட்டில் அன்று நிற்க இடமில்லை. எங்கள் தெருவே வந்திருந்தது. மில்காரர் முன் பெஞ்சில் வேட்டியை ஒழுங்காக மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண் எதிரே வந்தது, நான் பிரேக் போட்டேன், கார் நின்றுவிட்டது, பயத்தில் அது ஈரத்தில் வழுக்கி விழுந்தது, பாவம் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தேன் என்பது அவர் கட்சி. பிரேக் போட்டார்தான். மோதிய பிறகு போட்டார். வக்கீல் சொல்லிக்கொடுத்து, ஒரு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிச் சொல்லி, அது அப்படித்தான் நடந்தது என்று அவர் நம்பிவிட்டிருப்பார் என்று நினைக்கிறேன். பாளையங்கோட்டை எக்ஸ்ரேயை, மாசக்கணக்கில் பிந்தி எடுத்தது, எலும்பு சேர்ந்துவிட்டது, காலில் குறையில்லை என்று அவர் வக்கீல் தள்ளிவிட்டார்.

அவர் பக்கத்துச் சாட்சி எங்கள் ஆச்சி. கோர்ட்டிலிருந்து சம்மன் வந்துவிட்டது, போகாமல் இருக்க முடியுமா? கூண்டில் ஏறினவள் எங்கள் பக்கமே பார்க்கவில்லை.

"வழுக்கி விழுந்ததாத்தான் அவ அம்மை எங்கிட்டச் சொன்னா. சுளுக்குன்னு சொன்னா. நான்தான் பத்துப் போட்டேன். நான் பொய் சொல்லுவனா? என் பேத்தி மாதிரி அந்தப் பிள்ளை" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூண்டைவிட்டு இறங்கும்போது தடுமாறினாள். அப்பாதான் எழுந்துபோய்க் கையைக் கொடுத்தார்.

அடுத்து அம்மா. முந்தின நாள் வரைக்கும் கூண்டேற மாட்டேன் என்றவள். எதிர்வக்கீல் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"அப்போ நீங்க ஊர் பூரா பொய் சொன்னீங்க, அப்படித்தானே?"

அம்மா கூட்டத்தைப் பார்த்தாள். கடையத்து அத்தைகூட வந்திருக்கிறாள் என்று யாரோ பின்னால் சொன்னார்கள். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஆமாய்யா, பொய்தான் சொன்னேன். கார் மோதிக் கால் ஒடிஞ்ச பிள்ளையை எவன் கட்டுவான்னு சொன்னேன். ஆச்சிகிட்டச் சொன்னேன், சம்மந்தம் பேச வந்தவாகிட்டச் சொன்னேன், எல்லாருகிட்டயும் சொன்னேன். கட்டை அவுத்ததும் நான்தான். பிள்ளை காலைக் கெடுத்தவ நான்தான். ஆனா இடிச்சது அந்தக் கார்தான். என் கண்ணால பாத்தேன்."

அத்தனை பேர் முன்னால் என் அம்மா தன் மானத்தை அவிழ்த்து வைத்துவிட்டு நின்றாள். எனக்கு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எதிர்வக்கீல், "அன்னைக்குச் சொன்னது பொய்யின்னா இன்னைக்குச் சொல்லுறது மட்டும் மெய்யா?" என்று ஏதோ கேட்டார். ஆனால் அவர் குரலில் பழைய சிரிப்பு இல்லை. ஜட்ஜும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வக்கீல் அப்பா பக்கம் திரும்பி லேசாகத் தலையை அசைத்தார்.

எங்கள் வக்கீல் எழுந்து, பெண்ணின் காலை ஐயா நேரில் பார்க்க வேண்டும் என்றார். ஜட்ஜ் என்னைக் கூப்பிட்டார்.

"பயப்படாதேம்மா. இங்கேருந்து அந்த வாசல் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வா. எப்பவும் நடக்கிற மாதிரி நட."

எழுந்து நின்றேன். இரண்டு பக்கமும் ஆம்பிளைகள். எல்லார் கண்ணும் என் இடுப்பில் இருந்தது. அது இறங்குகிறதா என்று பார்ப்பதற்காகவே அத்தனை பேரும் காத்திருந்தார்கள். நொண்ட வேண்டும். நொண்டினால் போதும். ஒன்றும் நடிக்க வேண்டியதில்லை, குதிகாலைத் தரையில் வைத்தாலே உடம்பு தானாகச் சாயும். வை, வை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேதான் முதல் எட்டை வைத்தேன்.

குதிகால் இறங்கவில்லை.

விரல்தான் ஊன்றியது. இடுப்பு மட்டமாக நின்றது. தோள் தொங்கவில்லை. வாசல் வரைக்கும் நடந்தேன், திரும்பினேன், திரும்பி நடந்தேன். கெண்டைக்கால் கிழிந்துவிடும் போல் வலித்தது, முகத்தில் காட்டவில்லை. காப்பித் தட்டு ஒன்றுதான் கையில் இல்லை. அவ்வளவு பேர் பார்க்க என்னால் நொண்ட முடியவில்லை. நொண்டி என்று ஒருத்தன் நினைத்துவிடுவானே என்ற வெட்கம், மெட்ராசையும் ஆபரேஷனையும் என் காலையும் ஒரு நிமிஷத்தில் தின்றுவிட்டது.

எங்கள் வக்கீல் பதறிப்போய், "ஐயா, அந்தப் பெண் விரலை ஊனி நடக்குது. புடவையைக் கொஞ்சம் உயர்த்திப் பாதத்தைப் பார்த்தா..." என்று ஆரம்பித்தார். பின்னால் சலசலப்பு. என் இரண்டு கையும் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டன. ஜட்ஜ் அதைப் பார்த்துவிட்டு, "வேண்டாம், வேண்டாம். அதெல்லாம் வேண்டாம்" என்று கையை அசைத்தார். மரியாதை தெரிந்த மனுஷன். பிறகு என்னிடம் தணிந்த குரலில், "நடக்கும்போது வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். அழுதால் அதையும் பார்ப்பார்கள். தலையை இல்லை என்று ஆட்டினேன்.

தீர்ப்பு பிறகுதான் வந்தது, தள்ளுபடி என்று. ஆனால் அன்றைக்கே முடிந்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரியும். வெளியே வந்ததும் வக்கீல், "என்னம்மா இப்படிப் பண்ணிட்டியே!" என்றார். அதற்கு மேல் திட்டவும் மனசு வராமல் உள்ளே திரும்பிப் போய்விட்டார். அப்பா என்னைப் பார்க்காமலே வண்டி பிடிக்கப் போனார். அவர் ஒரு அறை அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நானும் அம்மாவும் வேப்பமரத்தடியில் நின்றோம். மில்காரர் எங்களைப் பார்த்து வந்தார். எதிர்க்கட்சிக்காரர் வந்து பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே கலங்கியிருந்தது.

"தாயி, என் மேல கோவப்படாத. கோர்ட்டுன்னா வக்கீலு ஆயிரம் பேசுவாவ. உன் காலு என்னமா இருக்கோ, ஏதா இருக்கோன்னு இத்தனை நாளும் எனக்குச் சோறு இறங்கல. கேஸ்ல எழுதியிருந்ததைப் பாத்துப் பயந்துட்டேன். இன்னைக்கு நேருலயே பாத்துட்டேன். நல்லா நடக்கியே! குற்றாலநாதன் காப்பாத்திட்டான். காலு மட்டும் நெசமாவே போயிருந்தா, கோர்ட்டாவது ஒண்ணாவது, என் சொத்தை வித்தாவது உனக்குச் செஞ்சிருப்பேன்."

இதை அவர் சும்மா சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். செய்திருப்பார்.

அப்பா ரோட்டில் ஜட்காவை நிறுத்திவிட்டுக் கையைக் காட்டினார். மரத்தடியிலிருந்து ரோடு கொஞ்ச தூரம். மில்காரர் ஒதுங்கி வழிவிட்டு, அங்கேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் விரல் என் சதையில் பதிந்தது.

"நொண்டுட்டி" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அவரு பாக்காரு. குதியை ஊனுட்டி. உன் காலைப் பிடிச்சுக் கேக்கேன், நொண்டி நடட்டி."

முதல் எட்டை எடுத்து வைத்தேன். பிறகு அடுத்தது. மில்காரர் "மெதுவா, மெதுவா, ஈரமா இருக்கு" என்று அன்பாகச் சொன்னார். நான் ஜட்கா வரைக்கும் நேராகவே நடந்து போய் ஏறிக்கொண்டேன்.